இறுகிய மூடிகள்

முதலில் இறுகியது சர்க்கரை டப்பா. பிறகு சமையலறைக் குழாய், பாத்திரம் கழுவும் திரவப் புட்டி, ஃபிளாஸ்க், ஜாம் பாட்டில். எனக்கு அது தெரியவே இல்லை. மூடுகிறவளும் நான், திறக்கிறவளும் நான் என்னும்போது எப்படித் தெரியும்? கண்டுபிடித்தவர் என் கணவர்.

அவருக்கு மாரடைப்பு வந்து அப்போது எட்டு மாதம். அச்சகத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். தோளில் ஒரு காகிதக் கட்டு, கையில் ஒரு கட்டு என்று மாடிப்படி ஏறியவர். இனிமேல் தண்ணீர்க் கெட்டிலைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி, பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூலின்மேல் செய்தித்தாள், மூக்குக்கண்ணாடி, கட்டைவிரல் அளவு ஒரு கண்ணாடிப் புட்டி. அவருடைய பகல் அதற்குள் முடிந்துவிடும்.

ஒரு நாள் சாயங்காலம், நான் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவர் சர்க்கரை டப்பாவோடு எதிரில் வந்து நின்றார்.

"இதைக் கொஞ்சம் திறந்து குடேன்."

ஒரே திருகு. திறந்துகொண்டது.

"அடேங்கப்பா! வீட்டுக்குள்ள இப்படி ஒரு பயில்வான் இருக்கிறது தெரியாம, தெருவுல போறவனுக்கெல்லாம் பயந்து நடந்திருக்கேனே."

இரண்டு பேரும் சிரித்தோம். காலையிலிருந்து அவர் சர்க்கரை இல்லாமலே டீ குடித்திருக்கிறார் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் கோல்ஃப். எங்களுடையது அட்டைப்பெட்டி தயாரிக்கும் கம்பெனி. விற்பனைப் பிரிவில் பத்தொன்பது வருடம் இருக்கிறேன். கிளை மேலாளர் ஓய்வு பெறப்போகிறார், அந்த நாற்காலிக்கு இரண்டு பேர்தான் பொருத்தம். ஒன்று நான், இன்னொன்று கொள்முதல் பிரிவுக்காரர். அவர் சனிக்கிழமைதோறும் டைரக்டரோடு கோல்ஃப் ஆடுகிறவர். எங்கள் கம்பெனியில் பேசவேண்டியதை எல்லாம் அந்தப் புல்தரையில் பேசி முடித்துவிடுவார்கள். திங்கட்கிழமை மீட்டிங் என்பது, முடிவானதை எங்களுக்குப் படித்துக்காட்டுவது. வீட்டில் இனி என் சம்பளம் மட்டும்தான் என்று ஆனபிறகு நானும் ஒரு மட்டையைத் தூக்குவது என்று முடிவெடுத்தேன். நாற்பத்தேழு வயதில்.

பயிற்சித் திடலில் ஒரு கோச் இருந்தார். ஒல்லி மனிதர், வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி. ஒரு மாதம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இடுப்பு நல்லாத் திரும்புது மேடம். தோளும் திரும்புது. கடைசியில பந்தைத் தொடுற நேரத்துல மணிக்கட்டு மட்டும் 'நான் வரலை, நீங்க போங்க'ன்னு உக்காந்துக்குது. முன்கையில பலம் வேணும். வீட்ல சுத்தியல் இருக்கா?"

"இருக்கு."

"போதும். ஜிம்முக்கெல்லாம் போய்க் கஷ்டப்பட வேணாம்."

முன்கையை மேசைமேல் வைத்துக்கொண்டு சுத்தியலின் பிடியைக் கடைக்கோடியில் பிடிக்கவேண்டும். தலை மேல்நோக்கி நிற்கும். அதை மெதுவாக இடதுபக்கம் சாய்த்து, நிமிர்த்தி, வலதுபக்கம் சாய்த்து, மறுபடி நிமிர்த்தவேண்டும். பத்து தடவைக்குள் முழங்கை வரை தீப்பிடிக்கும். அடுத்தது, ஒரு கட்டையில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டு, கட்டையை உருட்டி உருட்டிக் கேனை மேலே கொண்டுவருவது. அப்புறம் ஒரு வாளி நிறைய அரிசி. அதற்குள் கையை மணிக்கட்டு வரை புதைத்து விரல்களை விரித்து மூடுவது. கடைசியில் செய்தித்தாள். ஒரு தாளை ஒரு முனையில் பிடித்து, இன்னொரு கையின் உதவி இல்லாமல், கசக்கிக் கசக்கிப் பந்தாக்கவேண்டும்.

இவர் நாற்காலியிலிருந்து வேடிக்கை பார்ப்பார். நான் ஆபீஸ் போனதும் அந்தக் காகிதப் பந்துகளை எடுத்து மடியில் வைத்து நீவிவிட்டுப் படிப்பார்.

"நேத்து விளையாட்டுப் பக்கத்தைப் பிழைக்க விட்டுட்ட. தலையங்கத்தைத்தான் கொலை பண்ணியிருக்க," என்பார். "ஏதாவது கோவமா அவன்மேல?"

பேச்சு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் வாரத்துக்கு வாரம் அந்தப் பந்துகள் சிறுத்துக்கொண்டே வந்தன. முதலில் ஆரஞ்சுப் பழம் அளவு. பிறகு எலுமிச்சை அளவு. அப்புறம் ஒருநாள், "இதைப் பிரிக்க முடியலை, கிழியுது," என்று ஒன்றைக் கீழே போட்டார். அதை எடுத்துப் பார்த்தேன். கல்போல் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. இரண்டு நாள் கைப்பையில் வைத்திருந்தேன்.

திடலில் பந்து தூரம் போகத் தொடங்கியது. ஆனால் கோச்சுக்குத் திருப்தி இல்லை.

"ஏன் மேடம் இப்படிக் கழுத்தை நெரிக்கிறீங்க? மட்டை பாவம். தூங்குற குழந்தை கையைப் பிடிக்கிற மாதிரிப் பிடிங்க. பலம் சேர்த்ததே லேசாப் பிடிக்கத்தான்."

"லேசாத்தானே பிடிச்சிருக்கேன்?"

அவர் என் கையிலிருந்து மட்டையை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. பல்குச்சியை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். காபி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனவள் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணி, இதென்ன மூடி போட்டிருக்கீங்களா, வெல்டிங் வெச்சிருக்கீங்களா?"

"வீடு மொத்தத்துக்கும் சீல் வெச்சாச்சு," என்றார் இவர். "கோர்ட்டுல போய் ஆர்டர் வாங்கிட்டு வந்தாத்தான் காபி."

சிரித்துக்கொண்டே டப்பாவை வாங்கித் திறந்து கொடுத்தேன். போகும்போது வாசலில் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. புதன்கிழமை அண்ணன் எனக்கு போன் பண்ணாரு. குளியலறைக் குழாயைத் திறக்க முடியலையாம். எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிட வெக்கமா இருக்குன்னாரு. உங்ககிட்டச் சொல்லவேணாம்னுட்டாரு. கொஞ்சம் லேசா மூடுங்க அண்ணி."

"ஐயோ, சொல்லியிருக்கலாமே," என்றேன். உண்மையிலேயே கூசியது. கூச்சத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை அன்று தொட்டுப் பார்க்கவில்லை, இப்போது பார்க்கிறேன்.

கல்யாணமான நாளிலிருந்து, இருபத்திரண்டு வருடம், எனக்குத் திறக்காத மூடிகளை நான் அவரிடம்தான் நீட்டினேன். ஒரு திருகு திருகுவார். உடனே தரமாட்டார். டப்பாவைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, "சொல்லு, யாரு ராஜா?" என்பார். "நீங்கதான்" என்று சொன்னால்தான் கைக்கு வரும். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. எனக்குப் பிடித்தும் இருந்தது. இப்போது அவர் நீட்டுகிறார். நான் எதுவும் கேட்பதில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு நொடி நிற்கிறேன். அவர் நீட்டிய கை காற்றில் அப்படியே இருக்கும். அந்த ஒரு நொடி எனக்குத் தேவைப்பட்டது.

ஒருமுறை கைபிடித்து அவரைச் சாலை கடக்கக் கூட்டிப்போன மறுநாள் அவர் கையில் நான்கு விரல் தடம் நீலமாகக் கன்றியிருந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், லேசாக இடித்தாலே கன்றிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார்.

இனி அந்தச் சின்னப் புட்டி.

நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை அதற்குள் இருந்தது. மருந்துக்கடைக்காரம்மா கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: வேறு டப்பாவுக்கு மாற்றக்கூடாது, காற்றுப் புகுந்தால் மாத்திரை வீரியம் இழந்துவிடும், எடுத்த கையோடு இறுக்கி மூடவேண்டும். அதை நான் வேதவாக்காக வைத்துக்கொண்டேன். தினமும் ஆபீஸ் கிளம்பும்போது கடைசி வேலையாக அந்தப் புட்டியை எடுத்து மூடி சரியாக இருக்கிறதா என்று ஒரு திருகு திருகி, அவர் கைக்கெட்டும்படி ஸ்டூலில் வைப்பேன். ஐந்து மாதமாக அதற்கு வேலை வரவில்லை. ஐந்து மாதமும், ஆபீஸ் உள்ள நாளெல்லாம், நான் அதைத் திருகியிருக்கிறேன்.

"அதை ஏன் தினம் போட்டு முறுக்குற? லேசா மூடு," என்றார் ஒருமுறை.

"காத்து புகுந்தா வேலை செய்யாதுன்னு சொன்னாங்கல்ல?"

"வாஸ்தவம்தான்," என்று விட்டுவிட்டார்.

நாத்தனார் சொன்னபிறகு சில நாள் முயன்றேன். மூடி உட்கார்ந்ததும் கையை எடுத்துவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே திருகுவேன். நினைப்பு நிற்கும் இடத்தில் கை நிற்காது. கடைசியில் இன்னும் கொஞ்சம், ஒரு நூலளவு, தானாகத் திரும்பிவிடும். மரைக்குள் மரை போய் உட்காரும் அந்தச் சின்ன முறுக்கு விரல்நுனிக்குத் தெரியும். அது தெரிந்தால்தான் எனக்கு வேலை முடிந்த மாதிரி இருந்தது.

டைரக்டர் என்னையும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் மட்டைப் பையை வாசலில் வைத்துவிட்டுத் தொப்பி தேடிக்கொண்டிருந்தேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"வாயு போல இருக்கு. ராத்திரி சாப்பிட்டது." கொஞ்சம் கழித்துக் கேட்டார்: "இன்னைக்குப் போயே ஆகணுமா?"

"வாயுன்னுதானே சொல்றீங்க?"

"வாயுதான்."

"அப்போ போய்ட்டு வந்துடறேனே. இது ஒரு நாள்தான்."

"போ போ. நான் என்ன சொன்னேன் இப்ப?"

எரிச்சல் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதவேண்டுமென்றால் இதை விடமுடியாது. நாலு மாதம் சுத்தியல் சுழற்றியது இந்த ஒரு காலைக்காக. என்றும் கேட்காத கேள்வியை இன்றைக்கா கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஸ்டூலில் இருந்த புட்டியை எடுத்தேன். திருகினேன். வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் புல் இன்னும் ஈரமாக இருந்தது. டைரக்டர் ஆறடி உயரம், கதவு மாதிரி முதுகு. ஆட்டத்துக்கு நடுவில் போன் அடித்தால் அவருக்கு ஆகாது. "போன் அடிக்கிற ஆளுக்கு வேற வேலை இருக்குன்னு அர்த்தம், நம்ம வேலை வேணாம்னு அர்த்தம்," என்று சிரித்துக்கொண்டே சொல்வாராம். போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பையின் அடியில் போட்டேன். கொள்முதல்காரர் முதல் மூன்று குழியிலும் என்னைத் தாண்டிவிட்டார்.

நான்காவது குழியில் அது நடந்தது. மட்டை மேலே போய் இறங்கியது. எப்போதும் உட்கார்ந்துகொள்ளும் மணிக்கட்டு இந்தத் தடவை என்னோடு வந்தது. பந்தில் பட்டதே கையில் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பந்து தாழ்வாகக் கிளம்பி, ஏறி, ஏறி, வேலிமரங்களின் உயரத்துக்குப் போய், நினைத்த இடத்தில் இறங்கியது.

"மேடம்," என்றார் டைரக்டர், "இத்தனை நாள் உங்களை ஆபீசுல உக்கார வெச்சு வீணாக்கிட்டோம்."

கொள்முதல்காரர் தன் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிப் பறந்தது. வீடு, நாற்காலி, உள்ளங்கையால் நீவிய நெஞ்சு எதுவும் அந்த நிமிடத்தில் இல்லை.

"தண்ணி இருக்கா? என்னோடது தீர்ந்துபோச்சு," என்றார் டைரக்டர்.

என் எஃகு பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அவர் மூடியைத் திருகினார். சிரித்தார். பாட்டிலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பல்லைக் கடித்துத் திருகினார். கழுத்து நரம்பு புடைத்தது. திறக்கவில்லை. கொள்முதல்காரரிடம் கொடுத்தார். அவராலும் முடியவில்லை.

"யாரும்மா இதை மூடினது? உங்க வீட்டுக்காரரா? மனுஷன் என்ன சாப்பிடறார்?"

"நான்தான்," என்றேன்.

சொன்ன பிறகுதான் கேட்டது, நான் சொன்னது.

பையைத் தலைகீழாகக் கொட்டிப் போனை எடுத்தேன். வீட்டிலிருந்து இரண்டு அழைப்பு. கடைசியாக வந்தது இருபது நிமிடத்துக்கு முன். திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "என்ன மேடம், என்ன ஆச்சு?" என்று டைரக்டர் கேட்டது பின்னாலிருந்து வந்தது. நான் ஓடிக்கொண்டிருந்தேன். காரில் ஏறி ஆம்புலன்சுக்கு விலாசம் சொல்லும்போது என் குரல் நிதானமாக இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள்தான் வெளுத்திருந்தன.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அவர் நாற்காலியில் இல்லை. என் பயிற்சி மூலையில், அரிசி வாளிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. முகம் சாம்பல் நிறம். உதட்டோரம் ரத்தம். காலடியில் சுத்தியல். அதைச் சுற்றிக் கண்ணாடித் தூள், தூளுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சின்ன மாத்திரைகள்.

"பதறாத," என்றார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. "உள்ள வெச்சுட்டேன். கண்ணாடி குத்திடுச்சு வாயில. சுத்தியலைத் தூக்கி அடிக்க முடியலை... மேசைலேருந்து தள்ளிவிட்டேன். ரெண்டாவது தடவைதான் புட்டி மேல விழுந்துச்சு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடிக்கப் போனேன். பிடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவரோடு பேசிக்கொண்டே இருந்தேன்.

பிழைத்துக்கொண்டார். இன்னும் பத்து நிமிடம் ஆகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வீட்டைக் கூட்டியது நாத்தனார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து என் மடியில் வைத்தாள். பிரித்தேன். புட்டியின் உடைந்த கழுத்து. அதன்மேல் மூடி அப்படியே இருந்தது.

"ரப்பர் கையுறை போட்டுத் திருகிப் பாத்தேன் அண்ணி," என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான்காம் நாள், நர்ஸ் வெளியே போன நேரத்தில், இவர் கேட்டார்.

"அன்னைக்குக் கோவமா இருந்தியா?"

"எப்போ?"

"அதை மூடும்போது."

"இல்லீங்க."

அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் புரூஃப் பார்ப்பதுபோல் என் முகத்தை வரிவரியாகப் பார்த்தார். பிறகு சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். பிழை கண்ணில் பட்டும், நேரமில்லை, போகட்டும் என்று விட்டுவிடும்போது ஆட்டுகிற மாதிரி இருந்தது அது.

மேலாளர் வேலை எனக்கே கிடைத்தது. நான்காவது குழியைப் பற்றி டைரக்டர் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார். மட்டைப் பையை ஆபீஸ் வண்டியில் அனுப்பிவைத்தார்கள். பக்கவாட்டில் அந்தத் தண்ணீர் பாட்டில் செருகியிருந்தது. யாரும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

கோச்சிடம் போவதில்லை. அரிசியை எடுத்துச் சமைத்துவிட்டோம். கயிறு, கட்டை, கேன் எல்லாம் குப்பைக்குப் போயின. சுத்தியல் எங்கே என்று தெரியவில்லை, இவர் எங்கோ எடுத்து வைத்துவிட்டார். கேட்கவில்லை. சேர்த்த பலம் மட்டும் போகவில்லை. விட்டுவிட்டால் இரண்டு மாதத்தில் கரைந்துவிடும் என்று கோச் ஒருமுறை சொல்லியிருந்தார். ஆறு மாதம் ஆகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் ஒரு நாள் ஆபீசிலிருந்து திரும்பியபோது, வீட்டில் ஒரு மூடிகூட இல்லை. சர்க்கரை, காபித்தூள், ஜாம், பற்பசை, ஷாம்பு எல்லாம் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. யாரை வைத்துத் திறந்தாரோ, மூடிகளை எல்லாம் ஒரு பையில் கட்டி அலமாரிக்கு மேல் போட்டிருந்தார். குழாய்களில் நீளமான புதுப் பிடி மாட்டியிருந்தது.

"எறும்பு வருமேங்க," என்றேன்.

"வரட்டும். எத்தனை தின்னுடும்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

புதுப் புட்டி அவர் சட்டைப் பையில் இருக்கிறது. பைக்கு ஒரு பட்டன் வைத்துத் தைத்துக்கொண்டார். தூங்கும்போதும் அந்தச் சட்டைதான். அதை அவரே மூடுகிறார். நான் அறைக்குள் வந்தால் அவர் கை ஒருமுறை அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போகும். அது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. அன்றைக்குக் கடைசித் திருகில் எவ்வளவு அக்கறை, எவ்வளவு எரிச்சல் என்று நானும் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கிறேன். கிழிகிறது, பிரியமாட்டேன் என்கிறது.

நேற்று செக்கப்புக்குப் போனோம். சாலை கடக்க வேண்டியிருந்தது. பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன்.

"நீ இரு," என்றார். "நான் உன்னைப் பிடிச்சுக்கறேன்."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மெலிந்த விரல்கள், பட்டும் படாமலும். கோச் இத்தனை நாள் சொல்லிக்கொடுக்க முயன்ற பிடி அதுதான் என்று தோன்றியது. லாரி ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டு வேகமாக வந்தது. ஒன்றும் செய்யாமல் தொங்கவேண்டும் என்று என் கையிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன். பாதிச் சாலையில் குனிந்து பார்த்தேன். என் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன. இவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.